டாக்டரம்மா கேட்ட தலை

சுரக்குடி சிவபாலனின் வெள்ளாடு சுவரில் உரசி உரசி, விலாவில் மயிரே இல்லாமல் நின்றது. சொறி இல்லை, உண்ணி இல்லை. நடந்தால் பின்னங்கால் பின்னியது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கால்நடை மருத்துவரான நான் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த ஒரு மூளை நோயின் அறிகுறிகள்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். “அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் வியாதி. ஒரு ஆட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று வைத்துவிட்டார். நோய் என்ன, விசா வாங்கிக்கொண்டா வரும்?

சிவபாலனிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். “இது கிருமி இல்லீங்க. உடம்புல இருக்கிற ஒரு புரதம் கோணலாயிடுது. துளி உறைமோர் பாலையெல்லாம் தயிராக்குற மாதிரி, நல்ல புரதத்தையும் கோணலாக்கிடும். குடல்ல ஆரம்பிச்சு, நரம்பு வழியா முதுகுத்தண்டு ஏறி, மூளைக்குப் போயிடும். வேகவச்சாலும் போகாது. குட்டி போடுறப்ப விழுற நஞ்சுக்கொடிய மத்த ஆடு நக்கினா, அதுக்கும் வரும்.”

கொட்டிலில் இன்னொரு ஆடு நிறைசினையாக நின்றது. அந்த மந்தைதான் அவர் குடும்பத்துக்குச் சோறு.

“மூளையைச் சோதிச்சாத்தான் தெரியும். செத்தா உடம்பைப் புதைச்சிடுங்க, விக்காதீங்க. தலை மட்டும் எனக்கு வேணும்.”

“தலைதானேங்க? தந்துட்டாப் போச்சு,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வீடெல்லாம் மிளகு வாசனை. அடுப்படியில் என் கணவர் டென்னிஸ். “சிவபாலன் வந்தாரு ஆக்சிலியா. தலையை வாட்டி, வெட்டி, சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு. மூளையைத் தனியா வறுத்துட்டேன். ருசி பாக்குறியா?”

சட்டியைப் பிடுங்கினேன். மந்தையைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சி, கறிவேப்பிலையோடு சுருண்டு கிடந்தது. சட்டியோடு சுரக்குடிக்குப் போனேன்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சோதனைக்குத்தானே கேட்டேன்!”

சிவபாலன் விழித்தார். “வியாதின்னு சொல்லித்தானேங்க எல்லா டாக்டரும் பங்கு கேப்பாங்க? முன்ன இருந்தவரு தொடையையே கேப்பாரு. நீங்க தலையோட விட்டீங்களேன்னு நாங்க சந்தோஷப்பட்டோம். மீதியை வித்துட்டோம்.”

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள், என் பேச்சையும் சேர்த்தல்லவா தின்று ஏப்பம் விட்டிருக்கிறார்கள்!

அவருக்குப் பின்னால் சினையாடு குட்டி போட்டிருந்தது. மற்ற ஆடுகள் நஞ்சுக்கொடியைச் சுற்றி மொய்த்தன.

“அந்த ஆட்டை இப்பவே பிரிச்சுத் தனியாக் கட்டுங்க!” என்று கத்தினேன்.

சிவபாலன் அதன் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“குட்டி போட்ட ஆடுங்க. இதை விட்டுடுங்க, டாக்டரம்மா.”