நடந்து பார்க்காத கறி

முப்பத்தைந்து வருஷம் ஆட்டுக்கறிக் கடை நடத்தியவர் இப்போது கறி இருக்கிற அறைக்குள் போக வேண்டுமானால், செருப்பைக் கழற்றி, முழங்கைவரை கையைக் கழுவி, தலைக்கு ஒரு துணித் தொப்பியும் காலுக்கு உறையும் மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே எல்லாரும் அவரைக் கடைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கடைக்காரருக்கு முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை அலங்காரம் கிடையாதே என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் போகப் போக அந்த அறை அவரை மயக்கிவிட்டது. எந்நேரமும் உடம்புச் சூடு. காதுக்குள் ஒட்டிக்கொள்கிற மெல்லிய ரீங்காரம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளுக்குள் வெளிர்சிவப்புத் தண்ணீர் நிரம்பிய பாத்திரங்கள் தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டு நின்றால் காலை எது, மாலை எது என்று தெரியாது. தூக்கத்தில் நடக்கிறவர் போல வெளியே வருவார். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் கேட்ட பிறகுதான் பூமிக்கு இறங்குவார்.

கம்பெனி அவருடைய மகளுடையது. நாலு அறை, ஆறு பேர். உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கிற ஒரு ஆட்டின் தோளிலிருந்து மிளகளவு சதை எடுத்து வந்து, அதிலிருக்கும் செல்களுக்குத் தீனி கொடுத்துக் கறியாக வளர்க்கிறார்கள். ஆடு பாட்டுக்கு அங்கே மேய்கிறது, அதன் கறி பாட்டுக்கு இங்கே வளர்கிறது. செல்களுக்கு வேளை தவறாமல் தீனி மாற்றுகிற பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அவள் வாய் மூடிப் பார்த்தவர் யாரும் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மகள் கறி சாப்பிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வேடிக்கை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், வேடிக்கையெல்லாம் இல்லை. ஒன்பது வயதில் அவள் ஒரு குட்டியை வளர்த்தாள். பள்ளிக்கூட வாசல்வரை அவள் பின்னாலேயே போய்விட்டுத் தானாக வீடு திரும்பும். ஒருநாள் கடைக்கு ஆடு வரவில்லை. ஒரு பெரிய விருந்துக்குக் கறி தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குட்டி இல்லை. அழுதாளா என்றால், அதுவும் இல்லை. வெட்டும்போது உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா என்று மட்டும் கேட்டாள். அவர் கத்தியைக் கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பாவோடு ஒரே மேஜையில் அவள் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பேசுவாள், சிரிப்பாள், அவருக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்க ஓடுவாள். சாப்பாடு மட்டும் தனி. அம்மா பாவம், மூன்றே பேர் இருக்கிற வீட்டில் வேளைக்கு ரெண்டு பந்தி பரிமாறிப் பரிமாறியே ஓய்ந்துபோனாள். மகள் ஒரே ஒரு தடவை எதிரே வந்து உட்கார மாட்டாளா என்பதுதான் கடைக்காரருக்கு இருந்த ஏக்கம். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்படவில்லை. கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, எங்க கறியில என்ன குறைன்னு பாத்துச் சொல்லுங்களேன் என்று அவள் கூப்பிட்டதும், சட்டைகூட மாற்றாமல் கிளம்பி வந்தார்.

முதல் நாள் அவர் அதைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இது நடந்தே பாக்கலையே என்றார். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. நடக்கிற கால்தானே இழுபட்டு இழுபட்டு நார் பிடிக்கும்! அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பாத்திரத்துக்குள் ரெண்டு சின்னத் தூண் நட்டு, நடுவில் செல்களை வளரவிட்டு, நாள் முழுக்க மெதுவாக இழுத்து இழுத்து விட்டார்கள். எட்டு மாதத்தில் விரல் நீளத்துக்கு ஆறு துண்டு வந்தது. ஒவ்வொன்றிலும் நார் ஓடியது. பரவாயில்லை என்றார் கடைக்காரர். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வருவதே பெரிய விஷயம்.

ருசி பார்க்க ஐந்து பேர் வருவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்கு வருவார்கள், பத்தரைக்குக் கடைக்காரர் கறியை வெட்டித் தர வேண்டும். வழக்கம்போல முந்தின நாள் சாயங்காலமே ரேடியோ அந்தப் பாத்திரத்தைத் தீனித் தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். அப்படி ஏன் வைக்கிறார்கள் என்று கடைக்காரர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மற்ற எல்லாம் சொன்னாள், இதை மட்டும் விட்டுவிட்டாள்.

காலையில் எட்டு மணிக்கே வந்துவிட்டார் கடைக்காரர். ஃப்ரிட்ஜைத் திறந்து தொட்டுப் பார்த்தால், கறி ஜில்லென்று விறைத்திருந்தது. குளிரில் விறைத்த கறியில் கத்தி வைப்பாரா அவர்? வாழ்நாளில் வைத்ததில்லை. வெளியே எடுத்து வைக்கலாம் என்றால் சமையலறையிலும் ஏசி. யோசித்துப் பார்த்து, பாத்திரத்தைக் கொண்டுபோய்ச் செல்கள் வளர்கிற சூட்டு அலமாரிக்குள் வைத்தார். அப்புறம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். ரெண்டு மணி நேரம் கண் மூடியும் மூடாமலும் போனது.

பத்தரைக்கு மகள் வந்தாள். அவர் பாத்திரத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, தண்ணீரை வடித்து, ஆறு துண்டையும் பலகையில் வரிசையாக வைத்து, கத்தியை எடுத்தார். முதல் துண்டு அசைந்தது.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. கண்தான் மங்கிவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். ஆறும் அசைந்தன. லேசாகச் சுருங்கி, லேசாக விரிந்து, அவசரமே இல்லாமல், தூங்குகிற குழந்தையின் விரல் மாதிரி. அறையே மூச்சு விடுவது போல இருந்தது அவருக்கு.

எட்டிப் பார்த்த ரேடியோவுக்கே பேச்சு வரவில்லை. வந்த பிறகு சொன்னாள்: வளர்ந்த சதை சூட்டில் இப்படித் துடிப்பது உண்டுதான், பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள், அதற்காகத்தான் முந்தின நாளே குளிரில் வைத்து அடக்கிவிடுவது. யார் எடுத்துச் சூட்டில் வைத்தது? நான்தான் என்றார் கடைக்காரர். மகள் கோபப்படவில்லை. இதுக்கு மூளை இல்ல, நரம்பு இல்ல, வலியே தெரியாது, நீங்க வெட்டுங்க என்றாள். திரும்பக் குளிர வைக்க நேரமில்லை, பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் முன்னதாகவே வந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கத்தியைப் பலகை மேல் வைத்தார். "என்னால முடியலம்மா."

மகள் அவரையே பார்த்தாள். "அன்னிக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அன்னிக்கும் முடியலம்மா. கத்தியை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அது என் கையை நக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் வெட்டிட்டேன்."

"ஏம்ப்பா சொல்லல?"

"வெட்டினதுக்கு அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

ரேடியோ சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மகள் கத்தியை எடுத்துக்கொண்டாள். வலி தெரியாது என்று சொன்னவள் அவள்தான். அவளும் நின்றாள். துண்டு சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. அப்புறம் வெட்டினாள். கோணலும் மாணலுமாக வெட்டினாள். வெட்டிய பாதி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு தடவை துடித்துவிட்டு அடங்கியது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பக்கத்தில் நின்றதோடு சரி.

வறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து அறையில் பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. ஐந்து தட்டும் காலி என்று ரேடியோ வந்து சொல்லிவிட்டு ஓடினாள். கடைக்காரர் சமையலறையிலேயே எவர்சில்வர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாணலியில் நாலைந்து துண்டு மிச்சம் கிடந்தது.

மகள் ஒரு தட்டோடு உள்ளே வந்தாள். ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். தட்டில் ஒரே ஒரு துண்டு இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்று விழுங்கினாள்.

இப்படி ஒரு நாள் வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தார்.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்றார்.

மகள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.