கண்டிராத இடம்

நாற்காலியில் உட்கார்ந்தால் அரிக்கும். ஆணி மூட்டைகளைப் பார்க்கப் போவதுபோல் கிருஷ்ணவேணி கடையின் உள்ளறைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருவாள். சாலைக் கடைத்தெருவில் கணவர் பகவதிப்பெருமாள் நடத்தும் இரும்புக் கடைக்கு அவள்தான் கணக்கு. நாலைந்து வருஷமாக இந்தப் பாடு. கால்விரல் இடுக்கில் படை என்று மருந்துக் கடையில் பொய் சொல்லிக் களிம்பு வாங்கிப் பூசுவாள். சர்க்கரை, வெயில், வயசு என்று காரணங்களையும் அவளே சொல்லிக்கொண்டாள். உள்பாவாடையில் ரத்தக்கறை கண்ட அன்றுதான், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ஷைலஜா மலையாளி, அவளைவிட இளையவள். காடி மணமடிக்கும் ஏதோ ஒன்றைப் பஞ்சில் நனைத்து அங்கே ஒற்றினாள். எரிந்தது. சற்றுப் பொறுத்து ஒரு கைக்கண்ணாடியை நீட்டினாள்.

"சேச்சி ஒண்ணு பாருங்க. உங்க சரீரமாக்கும்."

கிருஷ்ணவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீட்டிய கையை டாக்டர் மடக்கவில்லை. பிறகு கிருஷ்ணவேணி பார்த்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள், ஐம்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக. அசிங்கம் என்றே நினைத்திருந்தது அசிங்கமாக இல்லை. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் முகம் பார்த்துக்கொள்ளாத சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல் இருந்தது. பாவம், எவ்வளவோ பொறுத்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு திட்டு வெளுத்துத் தடித்திருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, அந்தத் திட்டிலிருந்து மிளகளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கான்சர் இல்ல சேச்சி. அதுக்கு முந்தின படி. விட்டா ஆயிப்போகும். இப்பவே எடுத்துக் களையலாம்."

அன்று கடை அடைக்கிற நேரத்தில் கணவரிடம் சொன்னாள். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தவர் அப்படியே கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன நாளும் இதோடயா இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

திட்டை வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள். எடுத்ததன் விளிம்பெல்லாம் சுத்தம், நோய் மிச்சமில்லை என்று அறிக்கை வந்தது. ஆனாலும் இனி ஆயுசுக்கும் அவ்வப்போது வந்து காட்ட வேண்டும், வீட்டில் புண்ணைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவளால் குனிய முடியவில்லை. ஒரு காலை, கதவைத் தாழிட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் சன்னலைச் சற்றுத் திறந்து, கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் பகல் வெளிச்சத்தில் இப்படி ஒருநாள் இருந்ததில்லை. தையல் நன்றாகக் கூடியிருக்கிறது, சீழ் இல்லை என்றார். சொன்ன பிறகும் எழவில்லை. கிருஷ்ணவேணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோயிலில் நடை திறக்கும்போது கூட்டத்தில் நிற்பவரின் முகமாக இருந்தது அது.

"ரெண்டு பயலுவளும் இதுவழியாவா வந்தானுவ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கடைச் சாவிக்கு ஆள் வந்து மணியடித்தான். அவர் அசையவில்லை. வெயில் அவர் தோளைத் தாண்டி அவள் முழங்காலில் ஏறிக்கொண்டிருந்தது.