அவள் சொல்லாத மருந்து

தக்காளிச் செடிகளுக்கு நடுவே குனிந்து அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் வந்து நின்ற கொழுந்தன் வழக்கம்போல "அண்ணி" என்று குரல் கொடுக்கவில்லை. கையிலிருந்த செடியை அவள் காலடியில் போட்டான். இலைகள் ஓரம் கருகி, தொட்டாலே நொறுங்கின.

"என்ன தம்பி இது? என்னத்த அடிச்ச?"

"நீங்க சொன்னதத்தான்."

போனை நீட்டினான். ஒரு நிமிஷம்கூட ஓடாத வீடியோ. அதில் அவள் இதே வயலில் நின்று, "காய் நல்லா புடிச்சிருக்கு, இலையில ஒரு புள்ளி இல்ல" என்று சிரித்தாள். அடுத்து ஒரு நீல பாட்டில் வந்தது. எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று ஓர் ஆண்குரல் சொன்னது.

அந்த ஆளை அவளுக்கு நினைவிருந்தது. விவசாயிகளுக்கு யோசனை சொல்கிற சேனல் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதையும், இலை நனையாமல் தண்ணீர் விடுவதையும் அவள் வெயிலில் நின்று விளக்கியிருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட வீடியோவில் இல்லை.

"சத்தியமா இந்த பாட்டில நான் கண்ணால பாத்ததில்ல தம்பி."

"மூஞ்சி உங்களுது, குரல் உங்களுது. பாட்டில் மட்டும் யாருதோ." அவன் அவளுடைய செடிகளை நோட்டம் விட்டான். "உங்களுது மட்டும் பச்சையா நிக்குது. வேற என்னத்தயோ அடிக்கிறீங்க."

"நான் எதுக்குப்பா உன் வயித்துல அடிக்கணும்?"

அவன் கருகிய செடியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தான்.

சாப்பிட உட்கார்ந்த கணவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அந்தாளுகிட்ட காசு ஏதாவது வாங்கினியா?"

"அன்னிக்கு நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நடுவுல மோட்டார் போடப் போனேன்ல."

அவள் எழுந்துபோய்ச் சேனலின் எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், "வீடியோவ லைக் பண்ணிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். புகாரைக் கமெண்டில் எழுதச் சொன்னாள். இவள் கணவனை நச்சரித்து எழுத வைத்தாள். மறுநாள் பார்த்தபோது அந்தக் கமெண்ட் இல்லை.

அன்றே கடைத்தெருவுக்குப் போனாள். மருந்துக்கடையில், வாடிய செடியோடு நின்ற ஒருவருக்குக் கடைக்காரர் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நுழையும்போதே அவளுக்குத் தன் குரல் கேட்டது.

"அது நான்தாங்க. அந்த மருந்த நான் அடிச்சதே இல்ல. வாங்காதீங்க, செடி கருகிடும்."

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார்.

"நல்ல மருந்த எவராவது வெளிய சொல்லுவாங்களா? எல்லார் செடியும் காய்ச்சா இவங்க தக்காளிய யாரு வாங்குவா?"

செடியோடு நின்றவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கல்லாவுக்கு அருகில் குனிந்து, அவள் காதில் விழக் கூடாதென்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரெண்டு பாட்டிலா குடுங்க."