தவசிமுத்து நின்ற தூரம்

தவசிமுத்து தன் வீட்டுப் பின்பக்கச் சுவர்மேல் நிற்கவில்லை, அங்கிருந்து ஐந்து மைல் தள்ளி நிற்கிறார் என்பது, உப்பு அம்பாரங்களை அளக்க வந்த மெஷின் சொல்லித்தான் தெரிந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் கடைசி வீடு அவர்களுடையது. ஆளுயரச் சுவருக்கு அப்பால் வெள்ளைப் பாத்திகள்தான். ஒரு மரமோ கம்பமோ கிடையாது. அப்படிப்பட்ட வெளியில் ஒரு பொருள் கிட்டே இருக்கிறதா, எட்டி இருக்கிறதா என்று கண் சும்மா ஒரு ஊகத்தில்தான் சொல்லும்.

மெஷினைக் கொண்டுவந்தவள் பெனிட்டா. உப்புக் கம்பெனி அனுப்பிய பெண். பின்வாசல் படியில் நின்றால் சுவரைத் தாண்டிப் பார்க்கலாம் என்பதால் மெஷினின் முக்காலியை அங்கே ஊன்ற அனுமதி கேட்டாள். மெஷின் எல்லாப் பக்கமும் ஒளியை அனுப்பும். ஒளி பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். அதற்கு ஊகம் கிடையாது.

"அக்கா, சுவர்மேல நிக்கது யாரு?" என்றாள் பெனிட்டா.

"எங்க வீட்டுக்காரரு." சுயம்புகனி அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவுக சுவர்மேல இல்லக்கா. அஞ்சு மைல் தள்ளி நிக்காவ."

சுயம்புகனி நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பில் நீலக் கட்டம்போட்ட சாரத்தைக் கட்டிக்கொண்டு, எப்போதும் இருக்கிற அளவில்தான் இருந்தார்.

"அவ்வளவு தூரத்துல இருந்தா சின்னதால்லா தெரியணும்?"

"பெருசாயிருக்காவ. தள்ளிப் போகப் போக அதே கணக்குல வளந்திருக்காவ. அப்ப நம்ம கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒத்தக் கண்ண மூடிப் பாருங்க. பெறவு மத்தக் கண்ண."

சுயம்புகனி கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். இடது கண்ணால் பார்க்கையில் துணிக்கொடிக் கம்பு ஒரு பக்கம் தாவியது. வலது கண்ணுக்கு மறுபக்கம் தாவியது. சுவர்கூட லேசாக நகர்ந்தது. தவசிமுத்து நகரவில்லை. முற்றத்தில் அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள். நிலா வருவதுபோல அவரும் கூடவே வந்தார்.

தை மாதத்திலிருந்தே அவர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். இறங்குங்கள் என்று அவள் பலமுறை சத்தம் போட்டிருக்கிறாள். என்ன கேட்டாலும், அவள் அலுத்துப்போய் உள்ளே திரும்பிய பிறகுதான் பதில் வரும். சுவர்மேல் வைத்த சாப்பாட்டைத் தொடுவதில்லை. காக்கைகள்தான் தின்றன. தங்கையின் புது வீட்டுப் பால்காய்ப்பில் எல்லார் முன்னாலும் அவர் பேச்சை வெட்டிப் பேசிவிட்டாள் அல்லவா, அந்தக் கோபம் என்று நினைத்திருந்தாள். அவளும் வீம்பாகத்தான் இருந்தாள்.

"அப்ப கோபம் இல்ல. தூரந்தான்," என்றாள்.

மனம் லேசானது. உடனே கனத்தது. தையிலிருந்து அவர் வாயில் ஒரு பருக்கை படவில்லை.

சோறு வடித்து, மீன்குழம்பு வைத்து, அடுக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கிட்டப் போனா மொகம் தெரியாதுக்கா," என்றாள் பெனிட்டா. "மொகம் பாக்கணும்னா இங்கயிருந்துதான்."

"சோறு போய்ச் சேரணும்லா."

வரப்பு வழியே நடந்தாள். பாதித் தூரத்தில் அவர் இரண்டு மடங்கு ஆனார். அதன்பிறகு முகத்தைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. பிறகு முகம் மேகத்துக்குள் போய்விட்டது. சாரத்தின் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு வயல் அளவுக்கு விரிந்தன. அவை காற்றில் அசையும்போது பாத்திகளின் மேல் வெளிச்சம் வந்து வந்து போனது. கடைசியில் பாதம் மட்டுமே இருந்தது. வெளியின் ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, சாம்பல் படிந்த மலைபோல.

பாதத்தின் நிழலில் உப்பளத்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குதிகாலின் பித்தவெடிப்பில் தண்ணீர்க்குடங்களை வரிசையாகச் செருகி வைத்திருந்தார்கள்.

"இப்படி வாங்க, சுண்டுவெரல் பக்கம் காத்து வரும்," என்று கூப்பிட்டாள் அவர்களில் மூத்தவளான பேச்சித்தாய்.

"இவுக எங்க வீட்டுக்காரரு," என்றாள் சுயம்புகனி.

"அப்படியா? நல்ல நெழலு. இந்த வருசம் ஒருத்தருக்கும் மயக்கம் வரல."

சுயம்புகனி விரலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. உள்ளே எங்கோ, வெகுநேரத்துக்கு ஒருமுறை, ஒரு துடிப்பு கடந்து போனது. அண்ணாந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை அவள் சொன்னதில்லை. குரல் கணுக்கால்வரைகூட ஏறவில்லை.

ஆட்கள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள்.

"நீங்களும் எந்திரிங்க," என்றாள் பேச்சித்தாய். "சாப்பிடுத நேரம் மட்டுந்தான் இங்க உக்காரலாம். ரொம்ப இருந்தா வளந்திருவீய."

"வளந்தா?"

"பெறவு வீட்டுக்குள்ள போக முடியாது. வாசல் எட்டாது."

சுயம்புகனி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை வெளியின் முடிவில் ஒரு புள்ளி. அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தாள். அணைத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடுக்குச்சட்டியை மடியில் இருத்தி, விரலில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பேச்சித்தாய் வேலைக்குப் போய்விட்டாள்.

முதலில் சுண்டுவிரல் தோளுக்கு வந்தது. பிறகு கணுக்கால் கண்ணெதிரே வந்தது. எழுந்து நின்றபோது அவர் முழங்காலைப் பார்த்தாள். மடியில் இருந்ததால் அடுக்குச்சட்டியும் கூடவே வளர்ந்தது. கழற்றி வைத்த செருப்பு மட்டும் அப்படியே கிடந்தது. பிறகு அது எங்கே என்று தெரியவில்லை. உப்பு அம்பாரங்கள் சிந்திய சோற்றுப் பருக்கைகள்போல ஆயின. மேகம் ஈரமாக நெற்றியில் பட்டு இறங்கியது. அதற்கு மேலே வெயிலும், தவசிமுத்துவின் முகமும் இருந்தன. தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கண்களை இடுக்கி வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

திடுக்கிடாமல் திரும்பினார்.

"எம்மேல கோபமா?"

"இல்லையே." பதில் உடனே வந்தது. "நீதான் கோபத்துல சின்னதாப் போயிட்டேன்னு நெனச்சேன். வீட்டு முத்தத்துல எறும்பு மாதிரி போவ, வருவ. என்னமோ கேப்ப. என்ன கேட்டேன்னு வெளங்குததுக்குள்ள உள்ள போயிருவ."

"சாப்பிடுங்க."

நின்றபடியே சாப்பிட்டார். குழம்பு ஆறியிருந்தது. நன்றாக இருக்கிறது என்றார். அவள் அவருடைய தாடியில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துப் போட்டாள். கீழே, தீப்பெட்டியைவிடச் சின்ன வீட்டின் படியில், சிவப்பாக ஒன்று மினுங்கியது. மெஷின் அவளையும் அளந்துகொண்டிருக்க வேண்டும்.

கிழக்கே கடலில், முழங்காலளவு நீரில், அவர்கள் உயரத்துக்கே ஒரு பெண் நின்று புடவை அலசிக்கொண்டிருந்தாள். சுயம்புகனியைப் பார்த்ததும் நெற்றி மயிரை முழங்கையால் ஒதுக்கினாள்.

"புதுசா?"

"ஆமா. இன்னைக்குத்தான்."

"இந்த முந்தியக் கொஞ்சம் பிடிங்க. ஒத்த ஆளாப் பிழிய முடியல."

சுயம்புகனி முந்தானையை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். பிழிந்த தண்ணீர் பாத்திகளின் மேல் கொட்டியது. கீழே பேச்சித்தாயும் மற்றவர்களும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அம்பாரங்களை மூட ஓடினார்கள்.