நாலாந்தறியின் இரண்டாவது ஆல்பம்

சங்கரன்கோவிலில் ராக் பேண்டா என்று யாரும் சிரிக்க வேண்டாம். இருந்தது. நாலாந்தறி என்று பெயர். மகாராஜன் கிட்டார் வாசித்துப் பாடுவான், லிங்கேஷ் பேஸ் கிட்டார், சுகிர்தா டிரம்ஸ். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியாது. தெரிந்த மீதிப்பேர் காது வலிக்கிறது என்றார்கள். காது என்று ஒன்று இருந்தால்தானே வலிக்கும்!

சுகிர்தாவின் அப்பா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் குடோன், குடோன் சுவருக்கு அந்தப் பக்கம் துரைப்பாண்டி அண்ணாச்சியின் விசைத்தறிக்கூடம். நாலு தறி போடுகிற சத்தத்தில் டிரம்ஸ் எம்மாத்திரம்? தறி ஓடும்போது வாசித்தால் ஒரு பயலும் சண்டைக்கு வரமாட்டான் என்று அப்போது மட்டும் வாசித்தார்கள். சுவரை ஒட்டி நின்ற நாலாவது தறியின் தடக் தடக்தான் அவர்களுக்குத் தாளம்.

அதிலும் ஒரு தொல்லை உண்டு. நூல் தீர்ந்தால் அந்தத் தறி நின்றுவிடும். ஆள் வந்து நூல் மாற்றும்வரை பையன்கள் இருவரும் தாளம் தப்பி, கையை எடுத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள். சுகிர்தா மட்டும் விடாமல் டிரம்மை உருட்டிக்கொண்டிருப்பாள். தறி கிளம்பியதும் ஓங்கி ஓர் அடி அடிப்பாள். அந்த அடியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் உள்ளே வருவார்கள். போகப்போகத் தறி நிற்காவிட்டாலும் இதுவே பழக்கமாகிவிட்டது. எந்தப் பாட்டானாலும் நடுவில் இருவரும் கையை எடுப்பார்கள், அவள் தனியாக உருட்டுவாள்.

அந்த உருட்டல்தான் கடைசியில் வினையானது. திருநெல்வேலியில் ஒரு போட்டி. மேடையேறிய உற்சாகத்தில் சுகிர்தா உருட்டலை நீட்டிவிட்டாள். ஒருவன் முன்னால் நுழைந்தான், ஒருவன் பின்னால் நுழைந்தான், பாட்டு சந்தி சிரித்தது. இறங்கியதும் லிங்கேஷ், "இனிமே அந்த உருட்டே வேண்டாம்லே" என்றான். "அது இல்லாட்டா பாட்டே இல்லலே" என்று மகாராஜன் எகிறினான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளே ரெண்டுபட்டார்கள். மகாராஜன் சென்னைக்குப் போனான், லிங்கேஷ் ஷார்ஜாவுக்குப் போனான். வருஷக்கணக்காகப் பேச்சில்லை.

சுகிர்தா டிரம்ஸைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள். நன்றாக இருந்த பேண்டைக் கெடுத்த கை என்று தன் கையைப் பார்த்தாலே அவளுக்கு ஆத்திரம் வரும். அவர்கள் தனித்தனியாக யூடியூபில் போட்ட பாட்டுகளில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. தான் இல்லாமல் அவை இன்னும் நன்றாக இருந்துவிட்டால்? அந்தப் பயம் அவளைத் தின்றது.

தங்கை எப்சிபா விடுவாளா? அந்த பேண்டுக்கு உலகத்திலேயே இருந்த ஒரே வெறிபிடித்த ரசிகை அவள்தான். ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், போனும் ஸ்பீக்கருமாக வந்து நின்றாள்.

"அக்கா, நாலாந்தறி பிரியவே இல்லன்னு வச்சுக்கோ. ரெண்டாவது ஆல்பம் எப்டி இருக்கும்?"

"வேல வெட்டி இல்லையாட்டி ஒனக்கு?"

"நான் சேத்துட்டேன். மகாராஜண்ணன் பாட்டு ஒண்ணு, லிங்கேஷண்ணன் பாட்டு ஒண்ணு, மாத்தி மாத்தி. சும்மா கேளேன்."

"ஆஃப் பண்ணுதியா, ஸ்பீக்கரத் தூக்கி ரோட்டுல எறியட்டா?"

எப்சிபா அதற்குள் போட்டுவிட்டாள். மகாராஜனின் கிட்டார் வந்தது. வெறும் கிட்டாரும் குரலும்தான். ஆனால் அந்த வேகம் சுகிர்தாவுக்குத் தெரிந்த வேகம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிற அதே வேகம். எழுந்து போக நினைத்தவள் அப்படியே உட்கார்ந்து கேட்டாள். பாதிப் பாட்டில் சத்தம் சட்டென்று நின்றது.

"நெட்டு போயிட்டு போல" என்று எப்சிபா போனைப் பார்த்தாள்.

சுகிர்தாவின் விரல்கள் யாரையும் கேட்கவில்லை. எதிரே இருந்த பெயிண்ட் டின்னின் மூடியில் அவை உருட்ட ஆரம்பித்தன. உருட்டி, உருட்டி, கடைசியில் ஓங்கி ஓர் அடி. அந்த அடியிலேயே, மயிரிழை பிசகாமல், மகாராஜன் திரும்ப வந்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எப்சிபா வாயைப் பிளந்தாள்.

"அடுத்தத போடுட்டி" என்றாள் சுகிர்தா.

அடுத்தது லிங்கேஷ். உருட்டே வேண்டாம் என்றவன். அவன் பாட்டும் நடுவில் நின்றது. அதே இடைவெளி. சுகிர்தா டின்னில் உருட்டினாள், அடித்தாள், அவன் வந்து ஒட்டிக்கொண்டான். அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"கீழ கமெண்ட்டப் பாருக்கா. 'நடுவுல சவுண்ட் கட் ஆகுது ப்ரோ, சரி பண்ணுங்க'ன்னு எல்லாவனும் திட்டுதான். ரெண்டு பேருமே பதில் சொல்லல."

"ஏசப்பா" என்றாள் சுகிர்தா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஒருவன் சென்னையில், ஒருவன் கடல் தாண்டி. ஒருவனுக்கு ஒருவன் தெரியாமல், ஊரார் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு அவளுக்கென்று ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்திருக்கிறார்கள். எந்தக் கை பேண்டைக் கெடுத்தது என்று நினைத்தாளோ, அந்தக் கை வருவதற்காக இரண்டு பேர் பாட்டை நிறுத்திக் காத்திருந்திருக்கிறார்கள். அவள் கையைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள்.

பிறகு குடோனுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். தூசியில் எப்சிபா தும்மித் தள்ளினாள். எப்சிபா சேர்த்த ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் சுகிர்தா உருட்டினாள். எப்சிபா எல்லாவற்றையும் அக்காவின் போனில் பிடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து துரைப்பாண்டி அண்ணாச்சி, "ஏட்டி, இம்புட்டு நாளா எங்கட்டி போயிருந்த?" என்று கத்தினார்.

செத்துக் கிடந்த பழைய வாட்ஸ்அப் குரூப்பில் சுகிர்தாவே அதை அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

லிங்கேஷ்தான் முதலில் எழுதினான்: "பஸ்ஸுல துண்டு போட்டு ஒனக்கு எடம் புடிச்சு வச்சிருந்தேன். ஏறி வார இம்புட்டு நேரமாட்டி?"

சுகிர்தா பதில் எழுதுவதற்குள் கீழே மகாராஜனின் வார்த்தை வந்து விழுந்தது. அது அவளுக்கு இல்லை.

"ஏலே லிங்கேஷு, நீயுமாலே?"