இழவில்லாத மொட்டை

மருந்து ஏற்றிய பத்தாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை என் மனைவி டோர்கஸ் எவருடைய கையையும் தொடலாகாது என்று கிசுமு ஆஸ்பத்திரியின் செவிலி அவிட்டி கூறியபோது, அந்த அம்மையார் எங்கள் லுவோ இனத்தில் பிறந்தவர்தாமா என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. நீட்டிய கைக்குக் கை கொடுக்காமல் நகர்வது, எங்கள் ஊரில், நீட்டியவரின் முகத்தில் உமிழ்வதற்குச் சமம்.

"அந்த அஞ்சாறு நாள்ல ரத்தத்துல வெள்ளணு அடிமட்டத்துக்கு எறங்கிடும், சார். ஒரு சின்ன சளி போதும், ஆளைச் சாச்சிடும்" என்றார் அவிட்டி.

முதல் முறை நாங்கள் அதை மதிக்கவில்லை. பதினோராம் நாள், பக்கத்து வீட்டு இழவுக்குச் சென்ற டோர்கஸ் இருநூறு கைகளையாவது குலுக்கியிருப்பாள். மறுநாளே காய்ச்சல் கண்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாம் மருந்து பதினாறு நாள் தள்ளிப்போயிற்று. மார்பிலிருந்த கட்டியை மீண்டும் அளந்து பார்த்த மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்.

"மருந்து பிந்தினா கட்டி முந்திக்கும். மூணாவதும் தள்ளிப்போச்சுன்னா ஆபரேஷனைப் பத்தி நாம பேசவே முடியாது."

இரண்டாம் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், நெரிசலான வேனுக்குள், பாலித்தீன் பைக்குள் வாந்தியெடுத்து, பையின் வாயை இறுக முடிந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது தள்ளிப்போகாது. எழுதி வெச்சுக்குங்க, வாத்தியாரே."

ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுத்தாள், 'மென்மையான, சுவையான உணவை உண்ணவும்' என்று அறிவுறுத்தியது. அதை எழுதிய பேரறிஞரை நான் ஒருநாள் சந்திக்க விரும்புகிறேன். உண்பதெல்லாம் துருப்பிடித்த ஆணியாகச் சுவைக்கும் வாய்க்குச் சுவையான உணவு எது? உள்ளுதடு முழுவதும் புண். உகாலிக் களி மணலாக உறுத்தியது. வறுத்த மீனின் வாடை முற்றத்தைக் கடப்பதற்குள் குமட்டல் வந்தது. டோர்கஸ் தாளை மடித்து, ஆடும் மேசைக்காலின் கீழ் வைத்தாள். பிறகு தன் வழியைத் தானே வகுத்தாள். கொதித்தாறிய நீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து நாளுக்கு ஆறு முறை வாய் கொப்பளித்தாள். வழுவழுப்பான அப்போத் கீரையைக் கூழாகக் கடைந்து, புண்ணில் படாமல் தொண்டைக்குள் வழுக்கவிட்டாள். வாந்தி வந்தால் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, அதே கிண்ணத்தின் முன் மறுபடியும் அமர்ந்தாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சுச் சாப்பிடக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வெளிய தள்ளும், நான் உள்ள தள்ளுவேன். யாருக்கு முதல்ல சலிக்குதுன்னு பாத்துடலாம்."

ஆள்களை வீட்டுக்குள் வராமல் தடுப்பது என் பொறுப்பாயிற்று. புற்று என்ற சொல்லை உச்சரித்த வீட்டுக்கு எங்கள் ஊரார் மனத்துக்குள் சவப்பெட்டி செய்யத் தொடங்கிவிடுவர். ஆகவே 'வயிற்றுப்புண்' என்று சொல்லிவைத்தேன். பொய்யுரைத்த பிள்ளைகளை முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பின் மூலையில் நிறுத்திய ஆசிரியன் நான் என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டியது என் கடமை. நானாக நினைவுகூர்ந்திராவிடினும் பின்னர் அதை நினைவூட்டப் பலர் இருந்தனர்.

இரண்டாம் மருந்தின் பன்னிரண்டாம் நாள் காலை, தலைத்துணியை அவிழ்த்தபோது எஞ்சியிருந்த முடி கற்றைகற்றையாக அதனுடனே வந்தது.

"இது என்ன, கோழி பிடுங்கின மாதிரி அரையும் குறையுமா? எல்லாத்தையும் எடுத்துடுங்க. கத்தி வேணாம், கீறல் விழுந்தா வம்பு. உங்க பள்ளிக்கூடத்து முடிவெட்டுற மெஷினைக் கொண்டாங்க."

கைமெஷினைக் கொதிநீரில் முக்கியெடுத்து, மாமரத்தடியில் அவளை அமர்த்தி மழித்தேன். முடிந்ததும் கண்ணாடியைக்கூடக் கேளாமல் என் தலையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நான் மட்டும் பூசணிக்காயா உக்காந்திருக்க, நீங்க நரைமுடியைச் சீவிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி சந்தைக்குப் போவீங்களா? உக்காருங்க இங்க."

மறுக்க வழியில்லை; என் தலையும் மொட்டையாயிற்று. அப்புதுத் தலையுடன் நான் சைக்கிளேறிக் கீரை வாங்கச் சந்தைக்குச் சென்றேன். கீரைக்காரி என் தலையைப் பார்த்தாள். ஒன்றும் கேளாமல் காசு வாங்க மறுத்தாள். அதன் பொருளை நான் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த பிறகே வீட்டார் தலை மழிப்பது எங்கள் வழக்கம். வேலிக்கு அப்பாலிருந்து டோர்கஸின் மொட்டையையும் யாரோ கண்டிருக்கிறார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் மொட்டை. ஒரே மகன் ஒமோலோ இருப்பதோ கடல் கடந்து, தோகாவில் வேலையில். ஊரார் கூட்டிக் கழித்துப் பார்த்தனர்: மகன் அங்கே இறந்துவிட்டான், உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள், வயிற்றுப்புண் என்பதெல்லாம் அந்தத் துயரை மறைக்கச் சொன்ன கதை.

நண்பகலுக்குள் சாலையில் ஒப்பாரி எழுந்தது. நாற்பது பெண்களேனும் இருப்பர். அவர்களுக்கு முன்னால், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி, கக்கத்தில் ஒரு சேவலுடன் ஓடிவந்தவர் என் அண்ணி சிப்ரோசா. துக்கத்துக்கு வருவோர் ஓடியே முற்றத்துக்குள் புகுவர். துயருற்றவளைத் தழுவிக்கொண்டு அழுவர். நாற்பது தழுவல்கள், பன்னிரண்டாம் நாளில்!

நான் சைக்கிளைக் குறுக்கே போட்டு வாயிலை மறித்தேன்.

"நில்லுங்க, அண்ணி! ஒருத்தரும் உள்ள வரக்கூடாது!"

ஒப்பாரி அறுந்தது. சிப்ரோசா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"துக்கத்துக்கு வந்தவளை வாசல்ல நிறுத்துற ஆம்பளையை இன்னிக்குத்தான் பாக்குறேன். நான் தூக்கி வளத்த புள்ளை, தம்பி! எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம புதைச்சிட்டு, வழியை வேற மறிக்கிறியா? எட்டிப் போடா!"

"யாரும் சாகல, அண்ணி!"

"அப்ப மொட்டை எதுக்கு? வெயிலுக்கா?"

பின்னாலிருந்தோர் முன்னிருந்தோரைத் தள்ளினர். சைக்கிள் சரிந்தது. ஒருத்தி அதன் சக்கரத்தைத் தாண்டிக் காலை வைத்தாள். அப்பொழுது என் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. ஒமோலோவின் பெயரைக் கண்டதும் ஒலிபெருக்கியை அழுத்தி உயர்த்திப் பிடித்தேன்.

"அப்பா, நம்ம ஊர் வாட்ஸ்அப்ல எனக்கு இரங்கல் போட்டிருக்காங்க! போட்டோ வேற, அதுவும் பத்தாங்கிளாஸ் போட்டோ! நான் டூட்டில இருக்கேன். செத்தவனுக்கு லீவு கொடுப்பாங்களான்னு இங்க கேக்கவா?"

எவரும் சிரிக்கவில்லை. சிப்ரோசாவின் கக்கத்திலிருந்த சேவல் மட்டும் கொக்கரித்தது.

"அப்ப யாரு?" என்றார் அவர், மெல்ல.

வீட்டின் கதவு திறந்தது. தலைத்துணியின்றி, நிலையை ஒரு கையால் பற்றிக்கொண்டு டோர்கஸ் நின்றாள். படியிறங்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"செத்தது என் முடி, அக்கா. எனக்கு மார்ல புத்துநோய். வயித்துப்புண்ணுன்னு உங்க கொழுந்தனார் சொன்னது பொய்."

யாரோ ஒருத்தி மறுபடியும் ஓலமிடத் தொடங்கினாள்.

"ஏய், நிறுத்துடீ! நான் செத்தப்புறம் வந்து அழு, இப்ப கேளு. ரெண்டு மருந்து ஏறிடுச்சு, இன்னும் நாலு இருக்கு. அது நோயையும் கொல்லும், என் ரத்தத்துல இருக்கிற காவக்காரனுங்களையும் கொல்லும். இந்த வாரம் என்கிட்ட காவலே இல்ல. போன தடவை உங்க எல்லாருக்கும் கை கொடுத்தேன்; மருந்து பதினாறு நாள் பிந்திப்போச்சு, கட்டி வளந்துடுச்சு. இன்னிக்கு என்னைத் தொட்டு அழுதீங்கன்னா அடுத்த மாசம் நிஜமாவே அழுவீங்க. என் மேல பிரியம் இருக்கிறவங்க அங்கேயே நில்லுங்க."

நின்றார்கள். வாயிலுக்கும் கதவுக்கும் இடையே முப்பது அடி முற்றம் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. அதைக் கடக்காமல் நிற்பது அப்பெண்களுக்கு எவ்வளவு அரிது என்பது, இடுப்புத்துணியைப் பற்றியிருந்த அவர்களுடைய கைகளில் தெரிந்தது.

சிப்ரோசா கக்கத்துச் சேவலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தச் சேவலை என்ன பண்றது? செத்தவனுக்குக் கொண்டுவந்தது."

"விட்டுட்டுப் போங்க, அக்கா. சூப்பு வெச்சுக் குடிக்கிறேன். அவன் சார்பா."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. அழுகையும் அதனுடன் கலந்தே வந்தது.

மறுநாள் விடியலில் வாயிலில் ஒரு முக்காலி, சோப்புநீர்ச் செம்பு, அவற்றின் நடுவே சிப்ரோசா. கீரை கொண்டுவருவோர் வேலிக்கம்பில் தொங்கவிட வேண்டும். தும்முவோர் சாலையைக்கூடக் கடக்கலாகாது. பாதிரியாரானாலும் வேலிக்கு வெளியே நின்றே ஜெபிக்க வேண்டும். கடைக்குப் போய்த் திரும்பிய என்னையும் அவர் நிறுத்தினார்.

"கையைக் கழுவு, தம்பி."

"கழுவியாச்சு, அண்ணி."

"வயித்துப்புண்ணுன்னு சொன்ன வாய் அது. மறுபடி கழுவு."

கழுவினேன்.

இருபதாம் நாள் கிசுமுவில் இரத்தம் எடுத்தார்கள். வெள்ளணு ஆயிரத்தைந்நூறுக்குக் குறைந்தால் மருந்து இல்லை. மறுநாள் காலை, பெஞ்சில் என் அருகில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளி சேர்த்த தினைக்கஞ்சியை டோர்கஸ் சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆணிச் சுவையை அந்தப் புளிப்பு மட்டுமே வென்றது. ஆறத் தொடங்கியிருந்த புண் எரிந்தாலும் அவள் அதை விடவில்லை. அவிட்டி தாளுடன் வந்தார்.

"ஆயிரத்து எழுநூத்தி நாப்பது. வாங்கம்மா, உள்ள போகலாம்."

டோர்கஸ் கஞ்சிக் குவளையின் மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தாள். "மிச்சம் இருக்கு, கொட்டிடாதீங்க. வாந்தி எடுத்தப்புறம் வேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கட்டிலில் அவள் சாய்ந்ததும், நரம்பு தேடுவதற்காக அவிட்டி அவளுடைய கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றினார். பல நாள்களாக எவரும் குலுக்காத கை. டோர்கஸ் அதைப் பார்த்தாள். பிறகு, லுவோப் பெண் ஒருத்தி மற்றொருத்தியைக் காணும்போது செய்வதுபோல, அந்தச் செவிலியின் கையை இறுகப் பற்றிக் குலுக்கினாள்.

"நல்லா இருக்கீங்களா, அவிட்டி?"

"நல்லா இருக்கேன்மா. நீங்க?"

"குத்துங்க" என்றாள் டோர்கஸ்.