வேலிக்கு வெளியே ஒரு குழாய்

மும்முனை கரண்ட் வந்ததும் தேவநாதன் கரும்புக்கு மோட்டார் போடுவார். போட்ட கையோடு வேலியோரம் போய், ரோட்டுப் பக்கம் நீட்டிவிட்டிருந்த குழாயின் வால்வைத் திறப்பார். வெளியே அதற்குள் குடங்கள் வரிசையாக இருக்கும். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் உள்ள அந்த ஊரில் மற்ற போர்த் தண்ணீரெல்லாம் உப்பு. தேவநாதன் போர் ஒன்றில்தான் பருப்பு வேகும் தண்ணீர். ஊர்க்காரர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். காலனிக்காரர்கள் இங்கே வந்தார்கள்.

அவர் வேலிக்கு உள்ளே கயிற்றுக் கட்டிலில் மல்லாட்டைக் கடலை உரித்தபடி உட்கார்ந்திருப்பார். வெளியே நடக்கிற பேச்சு முழுக்கக் கேட்கும். யார் மகன் செங்கல் சூளையிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தான், எந்தப் பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை, யார் வீட்டு ஆடு யார் சேலையைத் தின்றது எல்லாம் அவருக்குத் தெரியும். காலனிக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை. மனைவி கோவிந்தம்மாள் இறந்த பிறகு, மகன் ராஜ்குமார் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவது நீங்கலாக, அவர் காதில் விழுகிற மனிதக் குரல் இந்தக் குழாயடியில் மட்டும்தான்.

குடிநீர் வாரியத்திலிருந்து தண்ணீர் பரிசோதனைக்கு வந்த பெண்ணின் பெயர் சங்கவி. சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, ஏதோ பொடியைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் ரோஜா நிறமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் அடர்ந்தது.

"நைட்ரேட் ஐயா. எக்கச்சக்கமா இருக்கு."

"தித்திப்பா இருக்கேம்மா தண்ணி?"

"இது நாக்குக்குத் தெரியாது. பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் பண்ணாது. கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. ரத்தத்துல காத்து ஏறாம உடம்பு நீலம் பாரிச்சிடும். கொதிக்க வச்சாலும் போகாது."

"எங்கேர்ந்து வந்துது?"

அவள் கரும்பைப் பார்த்தாள். அதற்கு அப்பால் தெரிந்த பாறை மேட்டைப் பார்த்தாள். "பழைய குவாரிப் பள்ளத்துல கக்கூஸ் லாரி கொட்டுறாங்கன்னு சொல்றாங்க. நீங்க போடுற யூரியாவாவும் இருக்கலாம். ரெண்டும் சேந்துகூட இருக்கலாம்."

காலனிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி விடச் சொல்வதாகக் கூறிவிட்டு வண்டியை எடுத்தாள்.

குழாயடிக்கு வருகிற லூர்துமேரியின் பேரப்பிள்ளை நினைவுதான் தேவநாதனுக்கு முதலில் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை. இன்னும் தலை நிற்கவில்லை. மருமகள் வேணிக்குப் பால் சுரக்காததால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறார்கள். இதுவும் குழாயடியில் கேட்டதுதான். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் முன்புபோலவே தித்திக்கும். சொன்னால் அந்த ரோட்டோரத்தில் யாரும் வந்து நிற்கப்போவதில்லை. மறுநாள் அவர் வேலியருகே போய்ச் சொன்னார்.

"இந்தத் தண்ணி குடிக்க ஆவாது. டெஸ்ட் பண்ணிட்டாங்க. கைப்புள்ளைக்குக் குடுக்கவே கூடாதாம்."

இடுப்புக்கு ஏற்றிய குடத்தை லூர்துமேரி இறக்கி வைத்தாள்.

"இன்னாய்யா திடீர்னு?"

"நைட்ரேட்டாம், லூர்து."

"ஓகோ, இப்ப அதுக்குப் பேரு அதுவா?" பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்க மாமியார் காலத்துல தீட்டுன்னாங்க. நான் வாக்கப்பட்டு வந்தப்ப மோட்டார் ரிப்பேருன்னாங்க. இப்ப நைட்ரேட்டு."

"அதெல்லாம் இல்லம்மா, நெசமா..."

"வாணாம்னா வாணாம்னு சொல்லிடுங்க. நாங்க இன்னா சண்டைக்கா வரப்போறோம்? கொழாயை வேலிக்கு வெளிய வச்சப்பவே எங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே வந்துபோகிற சிரமம் அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் கோவிந்தம்மாள் குழாயை வெளியே வைக்கச் சொன்னாள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். வேலியின் படல் கதவுக்கும் குழாய்க்கும் நடுவே நாலு எட்டுகூட இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. பேச்சுதான் நின்றுபோயிற்று. லாரி வர ஆரம்பித்த பிறகும், அது வராத நாளில் மட்டுமல்லாமல் வருகிற நாளின் காலையிலும் வந்து குடங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். குழாயைப் பூட்டிவிடலாமா என்று யோசித்தார். பூட்டினால் லூர்துமேரி சொன்னது உண்மையாகிவிடும். பூட்டவில்லை. பிள்ளையைப் பற்றி விசாரிக்க வழி இல்லாததால், வேணியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றார்.

ஒரு காலையில் மோட்டார் போட்டதும், எப்போதும்போல ஒரு செம்புத் தண்ணீரைப் பிடித்து அண்ணாந்து குடித்தார். செம்பை இறக்கியபோது வேலிக்கு அந்தப் பக்கம் வேணி நின்றிருந்தாள்.

"நீங்க குடிச்சிக்கினுதான இருக்கீங்க?"

"பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் பண்ணாதாம்மா."

"உங்க வயித்துக்கு நல்ல தண்ணி, எம்புள்ள வயித்துக்கு வெஷமா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

அவள் குடம் நிரம்பும்வரை நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள். செம்பில் மிச்சமிருந்ததை அவர் வரப்பில் ஊற்றினார்.

அன்று லாரி வருகிற நாள். கோவிந்தம்மாள் வைத்திருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு தேவநாதன் காலனிக்கு நடந்தார். கேன் வாங்கியிருக்கலாம். கேன் வாங்குவதை வேணி பார்க்கப்போவதில்லை.

மாதா கோயில் முன்னால் லாரி நின்றிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவரைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்தார். பிறகு, எழுந்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியதுபோல உட்கார்ந்துகொண்டார். வரிசையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அவர் கடைசியில் போய் நின்றதும் அது அடங்கிவிட்டது.

"இன்னாய்யா," என்றாள் லூர்துமேரி, "மோட்டார் பேஜாரு பண்ணுதா?"

"மோட்டார் ஓடுது."

"பின்ன இன்னாத்துக்குக் கொடம்?"

"குடிக்கத் தண்ணி வேணும்."

"முன்னால போய்ப் புடிங்கய்யா, ஜல்தி. உங்களுக்கு எதுக்கு லைனு?" என்றது ஒரு குரல். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை.

"இருக்கட்டும்."

வேணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றிருந்தாள். அவர் கையிலிருந்த குடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போனாள். காலையில் அவர் குழாயில் பிடித்த குடத்தைத் தூக்கி வந்து தெருவோரம் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடி முடிந்ததும் வரிசைக்குத் திரும்பி, லாரித் தண்ணீரில் அந்தக் குடத்தை இரண்டு முறை அலசினாள். லூர்துமேரி பிள்ளையின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

அவர் முறை வந்தபோது தண்ணீர் நூலாகத்தான் வந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. முக்கால் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் பேச்சு மறுபடியும் தொடங்கியது. அவர் நடையைத் தளர்த்தினார். யாருடைய பெயரோ காதில் விழுந்தது. தொடர்ந்து ஒரு சிரிப்பு. அதற்குள் லாரியைக் கிளப்பிவிட்டார்கள்.

மறுநாள் கரண்ட் வந்ததும் கரும்புக்கு மோட்டார் போட்டார். கை தானாக வால்வைத் திறந்தது. வெளியே குடம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வெறும் மண்ணில் விழுந்து ரோட்டைப் பார்க்க ஓடியது. வால்வை மூடிவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்து மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டார். லாரி நாளைக்குத்தான் வரும்.